3,000 ரூபாய்க்கு மிளகும் தேனும்... பணம் கட்ட மட்டும் தனியா 90 ரூபாயா? ஆன்லைன் ‘பேமெண்ட் கட்டணம்’ யார் தலையில்?

கொல்லிமலைக்கு ஒருமுறை டூர் போய் வந்தவர்களின் சமையலறையில் ஒரு பாக்கெட் மிளகாவது இருக்கும். அது தீர்ந்ததும்தான் பிரச்சினை ஆரம்பிக்கும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி சோளக்காடு சந்தைக்கு மறுபடியும் போய் வர எல்லோராலும் முடியுமா? போனை எடுத்துத் தேடுவார்கள். மிளகு, காபித் தூள், தேன், சாமை, தினை என்று இன்ஸ்டாகிராம் பக்கங்களும் வாட்ஸ்அப் கேட்டலாக்குகளும் சின்னச் சின்ன இணையதளங்களும் வரிசை கட்டும்.

ஒரு ஆர்டரை வைத்துக்கொள்வோம். மிளகு, காபித் தூள், தேன் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய். முகவரி கொடுத்தாச்சு. கூரியர் கட்டணமும் அதிலேயே அடக்கம். ‘பே நவ்’ பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில், அதுவரை கண்ணில் படாத ஒரு வரி வந்து நிற்கிறது: ‘பேமெண்ட் பிராசசிங் கட்டணம் 3% - ரூ.90’.

“தொண்ணூறு ரூபாய்தானே, போனா போகுது” என்று சிலர் கட்டிவிடுவார்கள். “பொருளுக்குக் காசு கொடுக்கலாம், காசு கொடுக்கிறதுக்கும் காசா?” என்று சிலர் அப்படியே வெளியேறிவிடுவார்கள். விற்பவரைக் கேட்டால், “கேட்வேக்காரன் பிடிக்கிறான் சார், நான் என்ன பண்றது?” என்பார்.

இதில் யார் சொல்வது சரி? சட்டம் என்ன சொல்கிறது? யுபிஐ-யில் கட்டினாலும் இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

கட்டணம் நிஜமா, கப்சாவா?

நிஜம்தான். கார்டில் பணம் கட்டும்போது அது நேராக விற்பவரின் கணக்குக்குப் போய்விடுவதில்லை. கார்டு கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க், விற்பவருக்காகப் பணம் வாங்கும் வங்கி, இவற்றை இணையதளத்தோடு இணைக்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனம் என்று பல கைகள் நடுவே இருக்கின்றன. இந்த வேலைக்காக விற்பவரிடம் பிடிக்கப்படும் தொகைக்குப் பெயர் எம்டிஆர். விரித்துச் சொன்னால் ‘மெர்ச்சன்ட் டிஸ்கவுன்ட் ரேட்’. கேட்வே நிறுவனங்கள் தங்கள் சேவைக்கும் சேர்த்து, சிறிய விற்பனையாளர்களிடம் பொதுவாக ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2 சதவீதம் அளவில் வாங்குகின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

அந்த 3,000 ரூபாய் ஆர்டரை கிரெடிட் கார்டில் கட்டினால் கணக்கு இப்படி வரும்.

- கேட்வே கட்டணம் 2% - ரூ.60
- அதன் மேல் ஜிஎஸ்டி 18% - ரூ.10.80
- மொத்தப் பிடித்தம் - ரூ.70.80
- விற்பவர் கைக்கு வருவது - ரூ.2,929.20

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விற்பவர் 3 சதவீதம் போட்டு 3,090 ரூபாய் வாங்கினால், கேட்வே பிடிப்பது சுமார் 73 ரூபாய். மிச்சம் 17 ரூபாய் அவருக்கே போகிறது. ‘கேட்வே கட்டணம்’ என்ற பெயரில் வாங்கிய 90 ரூபாயும் கேட்வேக்குப் போகவில்லை. பலர் இதைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. “2%, அப்புறம் ஜிஎஸ்டி, சரி ரவுண்டா 3% போடுவோம்” என்று போடுவதுதான். ஆனால், கட்டுபவருக்கு அது தெரிய வழியில்லை.

மலைமேல் 2% ஏன் வலிக்கிறது?

நகரத்துப் பெரிய கம்பெனிக்கு 2 சதவீதம் என்பது பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி. கொல்லிமலையில் இருந்து மிளகு விற்பவருக்கு அது அப்படியல்ல.

கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மலையில், சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறி வளரும் மிளகைப் பறித்து, காயவைத்து, சுத்தம் செய்ய வேண்டும். ஆன்லைன் ஆர்டர் என்றால் கூடவே எடை போட்டு, பாக்கெட் போட்டு, முகவரி ஒட்டி, செம்மேட்டுக்கோ மலை இறங்கி நாமக்கல் பக்கமோ கொண்டுபோய் அனுப்ப வேண்டும். மழை நாளில் சிக்னல் போனால் ஆர்டர் வந்ததே தெரியாது. இதற்கெல்லாம் செலவு போக, 3,000 ரூபாய் ஆர்டரில் 300 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 70 ரூபாய் 80 காசு கேட்வேக்குப் போகிறது. அதாவது, லாபத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. விலையில் 2 சதவீதம் என்று பார்க்கும்போது தெரியாத வலி, லாபத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியும்.

இன்னும் இரண்டு இடங்களில் சிறிய விற்பனையாளர் அடிவாங்குகிறார்.

ஒன்று, ஜிஎஸ்டி. பெரிய கம்பெனிகள் கேட்வேக்குக் கட்டிய ஜிஎஸ்டியை ‘இன்புட் கிரெடிட்’ என்று தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளருக்கு அந்த வழி கிடையாது. கம்பெனிக்கு 2 சதவீதமாக நிற்கும் அதே கட்டணம், இவருக்கு 2.36 சதவீதம். 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைகளைத் தீர்த்துவைக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள பேமெண்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அதற்கு மேல் போனால் விலக்கு இல்லை.

இரண்டு, ரீஃபண்ட். ஆர்டரை ரத்து செய்தால் வாங்கியவருக்கு முழுப் பணமும் போய்விடும். ஆனால், கேட்வே ஏற்கெனவே பிடித்த கட்டணம் பெரும்பாலும் விற்பவருக்குத் திரும்பி வராது. பொருளும் விற்கவில்லை, கையிலிருந்தும் காசு போனது.

ஆகவே, ‘இந்தச் செலவை நான் மட்டும் ஏன் சுமக்கணும்?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், அதை வாங்குபவரிடம் தனியாக வசூலிப்பதற்கு விதி இடம் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. பதில், எதில் பணம் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

டெபிட் கார்டா? கேட்கவே கூடாது

இதில் ரிசர்வ் வங்கி ரொம்பத் தெளிவு. டெபிட் கார்டில் பணம் கட்டுபவர்களிடம் கடைகள் சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்குவதை நியாயப்படுத்த முடியாது, அதற்கு அனுமதியும் இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படி வாங்கும் கடைகளுடன் வங்கி தன் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்கு அது போனது.

2017 டிசம்பரில் வந்த அடுத்த சுற்றறிக்கை, டெபிட் கார்டு எம்டிஆருக்கு உச்ச வரம்பு வைத்தது. 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

- ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகர்கள் - ஆன்லைனில் அதிகபட்சம் 0.40%, ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.200-க்கு மேல் போகக் கூடாது
- அதற்கு மேற்பட்டவர்கள் - அதிகபட்சம் 0.90%, ரூ.1,000-க்கு மேல் போகக் கூடாது

எம்டிஆரை வாடிக்கையாளர் மேல் ஏற்றாமல் வணிகர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வங்கிகளுடையது என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. சிறு வணிகரின் 3,000 ரூபாய் ஆர்டருக்கு டெபிட் கார்டு எம்டிஆர் அதிகபட்சமே 12 ரூபாய்தான். அதற்கு 90 ரூபாய் கேட்பது விதிப்படியும் தப்பு, கணக்குப்படியும் தப்பு.

யுபிஐ-யா? இங்கேதான் குழப்பம்

2020 ஜனவரி 1 முதல் யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் பூஜ்ஜியம். 2007-ம் ஆண்டின் பேமெண்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, இந்த வழிகளில் பணம் கட்டுபவரிடமும் வாங்குபவரிடமும் வங்கியோ, பேமெண்ட் அமைப்பை நடத்துபவரோ நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் விதிக்கக் கூடாது என்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு சில வங்கிகள் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது.

அப்புறம் ஏன் சில தளங்களில் யுபிஐ-க்கும் கட்டணம் காட்டுகிறார்கள்? இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சோம்பல். எல்லா ஆர்டருக்கும் ஒரே 3 சதவீதம் என்று தளத்தில் செட் செய்துவிட்டு, யார் எதில் கட்டினாலும் அதையே வசூலிப்பது. இல்லாத எம்டிஆருக்குக் காசு வாங்கும் வேலை இது.

இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எம்டிஆர் பூஜ்ஜியமாக இருந்தாலும், இணையதளத்தை இணைத்து, ஆர்டரையும் பணத்தையும் சரிபார்த்து, ரீஃபண்ட் வசதி செய்து தரும் கேட்வே நிறுவனம், ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ என்று விற்பவரிடம் வாங்குவது உண்டு. சில நிறுவனங்களின் பொதுக் கட்டணப் பட்டியலில் யுபிஐ-க்கும் அதே 2 சதவீதம்தான். மலையில் இருந்து விற்பவர், “யுபிஐ இலவசம்னு டிவியில சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?” என்று கேட்பது இதனால்தான். அவர் கட்டுவது யுபிஐ கட்டணம் அல்ல. இணையதளத்தில் கல்லாப்பெட்டி வைத்துக்கொடுத்ததற்கான வாடகை.

யுபிஐ-க்குள்ளேயே இரண்டு விதிவிலக்குகளும் உண்டு. வாலட் பணத்தை யுபிஐ வழியாக வணிகருக்கு அனுப்பும்போது, 2,000 ரூபாய்க்கு மேல் போனால், 2023 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச் கட்டணம் உண்டு. அடுத்தது, யுபிஐ-யில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு. இரண்டுமே வணிகர் தரப்புச் செலவுகள். வாலட் கட்டணம் பற்றிய செய்தி பரவியபோதே, வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை என்று என்பிசிஐ விளக்கம் கொடுத்தது.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. 2025 ஆகஸ்ட்டில் மட்டும் யுபிஐ-யில் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. இந்தச் செலவை வங்கிகளும் பேமெண்ட் நிறுவனங்களும் சுமக்கின்றன. அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட, சிறு வணிகர்களுக்கான 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை தரும் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. அது 2024-25 நிதியாண்டுக்கானது. யுபிஐ-க்கு எம்டிஆர் வரப்போகிறது என்ற பேச்சு 2025 ஜூனில் கிளம்பியபோது, அது பொய் என்று நிதி அமைச்சகம் மறுத்தது.

கிரெடிட் கார்டா? ஒப்பந்தத்தில் இருக்கிறது

கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு வைக்கவில்லை. டெபிட் கார்டு சுற்றறிக்கை இதற்குப் பொருந்தாது. விற்பவருக்கும் வங்கிக்கும், அல்லது கேட்வேக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. கார்டுக்கென்று தனிக் கட்டணம் வாங்கப் பல ஒப்பந்தங்கள் இடம் தருவதில்லை. ஆனால், அதைப் படித்துப் பார்க்கும் வணிகர்கள் குறைவு.

கடைசித் திரையில் காட்டினால் போதுமா?

போதாது. கட்டணம் எவ்வளவு என்பதைப் போலவே, அதை எப்போது சொல்கிறார்கள் என்பதும் முக்கியம்.

2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். டெலிவரி, பேக்கிங், வரி என்று கட்டாயக் கட்டணம், விருப்பக் கட்டணம் எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும். 2020 மார்ச்சில் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலும், கன்வீனியன்ஸ் கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம் போன்றவை இருந்தால் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை ‘டார்க் பேட்டர்ன்’களைப் பட்டியலிட்டன. அதில் ஒன்று ‘டிரிப் பிரைசிங்’. குழாய் சொட்டுவதுபோல, முதலில் ஒரு விலையைக் காட்டி, ஒவ்வொரு திரையாகக் கட்டணங்களைச் சொட்டவிடுவது. 3,000 ரூபாய் என்று காட்டி, கடைசியில் 3,090 கேட்பது இந்த வகைக்குள் வருகிறது.

‘நான் வாட்ஸ்அப்பில் விற்கிற சின்ன ஆள், எனக்கெல்லாம் இது பொருந்துமா?’ என்று கேட்கலாம். வீட்டில் கிடந்த பழைய மேசையை ஒருமுறை விற்பவருக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது. தொழிலாக, தொடர்ந்து விற்பவருக்குப் பொருந்தும்.

அரசே வாங்குகிறதே?

ஐஆர்சிடிசி டிக்கெட் எடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு 2016 நவம்பரில் நிறுத்தப்பட்ட சேவைக் கட்டணம், 2019 செப்டம்பர் 1 முதல் ‘கன்வீனியன்ஸ் கட்டணம்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. ஏசி அல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசி வகுப்புக்கு 30 ரூபாய், யுபிஐ-யில் கட்டினால் 10, 20 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. இது ஆன்லைன் முன்பதிவு வசதிக்கான கட்டணம் என்று சொல்லப்படுகிறது. கவுன்டரில் போய் எடுத்தால் இல்லை. வித்தியாசம் அங்கேதான். ரயில் டிக்கெட்டுக்குக் கவுன்டர் இருக்கிறது. இணையதளத்தில் மட்டும் விற்கும் மிளகுக்கு எந்தக் கவுன்டர்?

கையில் காசு கொடுத்தாலும் விடுவதில்லை என்பது இன்னொரு கூத்து. கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வாங்கும் மின்வணிகத் தளங்கள் மீது புகார்கள் வந்திருப்பதாகவும் விசாரணை நடப்பதாகவும் 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி தெரிவித்தார்.

வெளிநாடுகளிலும் இந்தச் சண்டை பழசு. பிரிட்டன் 2018 ஜனவரி 13 முதல் சாதாரண வாடிக்கையாளர்களின் கார்டுகளுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003-ல் கடைக்காரர்கள் வாங்கலாம் என்று கதவைத் திறந்தது. உண்மையான செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடைசியில், கார்டுகளுக்கான தனிக் கட்டணத்தையே எடுத்துவிடலாம் என்று அந்நாட்டு ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் முன்மொழிந்தது.

விற்பவர் என்ன செய்யலாம்?

- செலவை விலையிலேயே சேர்த்துவிடுவது நேர்மையான வழி. 3,000 ரூபாய் கைக்கு வர வேண்டும் என்றால் விலை சுமார் 3,073 ரூபாய். முதல் திரையிலேயே அதைக் காட்டிவிட்டால் கேள்வியே இல்லை. கடைக்கு வாடகை கொடுப்பவர் பில்லில் ‘வாடகைக் கட்டணம்’ என்று தனி வரி போடுவதில்லையே.
- யுபிஐ-யில் கட்டினால் தள்ளுபடி என்று அறிவிக்கலாம். அதே வித்தியாசம்தான், ஆனால், வாங்குபவருக்கு அது அபராதமாகத் தெரியாது.
- கேட்வே நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டெபிட் கார்டுக்கும் யுபிஐ-க்கும் கிரெடிட் கார்டுக்கும் தனித்தனி விகிதம் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

க்யூஆர் கோடோ போன் நம்பரோ அனுப்பி நேரடியாக யுபிஐ-யில் பணம் வாங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். அதில் கேட்வே கட்டணம் இல்லை. ஆனால், முன்பின் தெரியாத நம்பருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஆர்டர் எண்ணோ பில்லோ இல்லாமல் காத்திருக்கும் வாங்குபவருக்கு அது ரிஸ்க். கேட்வே வாங்கும் காசில் ஒரு பகுதி, பணம் எங்கே போனது என்று தடம் பிடிக்கவும், திரும்ப வாங்கவும் ஒரு வழி இருப்பதற்கான விலை. அதனால் நேரடி யுபிஐ-யில் வாங்கினாலும் பில்லும் அனுப்பும் தேதியும் கொடுப்பது விற்பவருக்கே நல்லது.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

- ‘பேமெண்ட் கட்டணம்’ என்ற வரி வந்தால், பணம் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். யுபிஐ-க்கு மாற்றியும் தொகை குறையவில்லை என்றால், விற்பவரிடம் ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள். பல நேரம் அது கவனக்குறைவாகத்தான் இருக்கும்.
- கடைசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் காட்டிய விலையும் அதில் இருந்தால் இன்னும் நல்லது.
- மறைத்து வாங்கிய கட்டணம் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் எண் 8800001915.
- டெபிட் கார்டுக்குத் தனிக் கட்டணம் கேட்டால், விற்பவருக்காகப் பணம் வாங்கும் வங்கியிடமோ பேமெண்ட் நிறுவனத்திடமோ புகார் கொடுக்கலாம். அங்கே தீர்வு வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புக்கான சிஎம்எஸ் தளம் இருக்கிறது. வழிகாட்டுதலுக்கு 14448-ஐ அழைக்கலாம்.

புகார் கொடுக்கும் முன் ஒரு விஷயத்தையும் யோசிக்கலாம். கொல்லிமலை மிளகு இடைத்தரகர் கை மாறாமல் நேராகச் சமையலறைக்கு வருவதால் கிடைக்கும் கூடுதல் காசு, விளைவித்தவர் வீட்டுக்குப் போகிறது. ‘கடைசியில ஏதோ சேர்த்துட்டாங்க’ என்று நீங்கள் மூடிவிட்டுப் போகும் ஒவ்வொரு ஆர்டரும், அந்த மூட்டையைப் பழையபடி வியாபாரி சொல்லும் விலைக்கே அனுப்பிவைக்கும். 3,073 ரூபாய் என்று முதலிலேயே சொன்னால் யோசிக்காமல் கட்டுபவர்தான், 3,000 என்று சொல்லி 90 கேட்டால் வெளியேறுகிறார். எனவே சிறிய தளத்தில் அந்த வரியைப் பார்த்தால் முதல் மெசேஜ் விற்பவருக்குப் போகட்டும். 1915 அதற்கு அடுத்தது.